பி.ஏ. படிக்க நான்கு ஊர்களில் இடம்: குமரி மாவட்ட மாணவர் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

மே மாதத்தில் பிளஸ் டூ முடிவு வெளியானதும் நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிக் கல்லூரிகளில் சேர்க்கை தொடங்கிவிடுகிறது. சென்னைக் கல்லூரிகளின் தேர்வுப் பட்டியல்கள் அதையொட்டி வருகின்றன. கேரளப் பல்கலைக்கழகத்தின் ஒற்றைச் சாளர ஒதுக்கீடு ஜூன் மாதத்தில் நடக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் பொது நுழைவுத் தேர்வின் முடிவு ஜூலையில் வந்து, டெல்லிப் பல்கலைக்கழகத்தின் முதல் சுற்று ஒதுக்கீடு ஜூலைப் பிற்பகுதியிலோ ஆகஸ்டிலோதான் தெரிகிறது. இலக்கியம், வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், தத்துவம் போன்ற கலைப் பாடங்களைப் படிக்க விரும்பி, நல்ல மதிப்பெண்ணும் எடுத்த குமரி மாவட்ட மாணவர் ஒருவர் ஏறத்தாழ மூன்று மாதங்கள் இந்தத் தேதிகளுக்கு நடுவே நிற்கிறார். எது முதலில் வருகிறதோ அதில் பணம் கட்டிவிட்டு, அடுத்தது வரும்போது என்ன செய்வதென்று தெரியாமல் வீடே குழம்புகிறது. ‘வீட்டிலிருந்தே போய்வரலாமே’ என்று அம்மா சொல்லுவார். ‘டெல்லியில் கிடைத்ததை விடலாமா’ என்று மாமா கேட்பார். படிக்கப் போகிறவர் இருவருக்கும் பதில் சொல்ல முடியாமல் இருப்பார். அப்படி முடிவெடுக்க முடியாமல் இருக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் உதவவே இந்த ஒப்பீடு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலைப் பாடத்தில் பெறும் இளநிலைப் பட்டம் பெரும்பாலும் கடைசிப் பட்டமாக இருப்பதில்லை. அதன்பின் எம்.ஏ. இரண்டு ஆண்டு, அல்லது பி.எட். இரண்டு ஆண்டு, அல்லது சட்டப்படிப்பு மூன்று ஆண்டு, அல்லது போட்டித் தேர்வுக்கான தயாரிப்பு என்று படிப்பு நீள்கிறது. எனவே பி.ஏ.யைத் தனியே எடுத்து எந்த இடம் பெரியது என்று ஒப்பிடுவது சரியான கணக்கு ஆகாது. ஐந்து ஆண்டுகளை ஒரே திட்டமாக வைத்து, குடும்பத்தால் கொடுக்க முடிந்த பணத்தையும் மாணவரால் தாங்க முடிந்த தூரத்தையும் அந்த ஐந்து ஆண்டுகளில் எந்தக் கட்டத்தில் செலவிடுவது என்று கேட்டால்தான் பதில் தெளிவாகும்.

## எதை வைத்து அளப்பது?

துறை. கல்லூரியின் பெயரை விட, மூன்று ஆண்டுகள் உட்காரப் போகும் துறையே முக்கியம். அறிவியல் மாணவருக்கு ஆய்வகம் இருப்பதுபோல் கலைப் பாட மாணவருக்குத் தனியே ஒன்று கிடையாது. ஆசிரியரும் நூலகமும் அந்த இடத்தில் இருக்கிறார்கள். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இவை: துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர்? ஒரு வகுப்பில் எத்தனை மாணவர்கள்? அதே துறையில் எம்.ஏ.யும் முனைவர் பட்ட ஆய்வும் நடக்கின்றனவா? இளநிலை மாணவர் நூலக அடுக்குகளுக்குள் தாமே போய்ப் புத்தகம் எடுக்கலாமா, அல்லது சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டுமா? குமரி மாவட்டத்தில் உள்ள ஒரு வரலாற்றுத் துறை தன் மாணவரைச் சிதறால் மலைக்கும், சுசீந்திரம் கோயில் கல்வெட்டுகளுக்கும், பத்மநாபபுரம் அரண்மனைக்கும் கூட்டிச் சென்று பாடம் நடத்துகிறதா, அல்லது முந்தைய ஆண்டு வினாத்தாள்களோடு நிறுத்திக்கொள்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு விளம்பரப் பிரசுரத்தில் விடை இருக்காது. அந்தத் துறையில் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு அண்ணனிடமோ அக்காவிடமோ அரை மணி நேரம் பேசினால் தெரிந்துவிடும்.

எழுத்து. ஒரு நூலை முழுதாகப் படித்து, அதை மற்றொரு நூலோடு ஒப்பிட்டு, சான்றுகளுடன் பத்துப் பதினைந்து பக்கம் சொந்தமாக எழுதத் தெரிந்தால்தான் கலைப் பாடத்தில் பெற்ற பட்டத்துக்கு மதிப்பு. பருவத் தேர்வுக்கு 75 மதிப்பெண், அக மதிப்பீட்டுக்கு 25 என்ற முறையில், அந்த 25 எதற்குக் கொடுக்கப்படுகிறது என்று விசாரியுங்கள். கட்டுரை எழுதச் சொல்லித் திருத்திக் கொடுக்கும் ஆசிரியர் இருக்கும் இடம், எந்த ஊரில் இருந்தாலும், நல்ல இடம்.

பட்டத்தின் பெயரும் பயிற்று மொழியும். சேர்க்கை நேரத்தில் யாரும் பேசாத, ஆனால் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மிகப் பெரிதாகத் தெரியும் அளவுகோல் இது. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் பணி என்றால், முதல் வகுப்பிலிருந்து பட்டம் வரை அனைத்தையும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பள்ளிக் கல்வி முழுவதையும் தமிழ்வழியில் முடித்த ஒரு மாணவி, நம் மாவட்டத்தில் தமிழ்வழி வரலாறு படித்தால் குரூப் 1, குரூப் 2 தேர்வுகளில் அந்த ஒதுக்கீடு அவருக்கு உண்டு. டெல்லியிலோ திருவனந்தபுரத்திலோ ஆங்கிலவழியில் படித்தால் அதை இழக்கிறார். பள்ளியிலேயே ஆங்கிலவழியில் படித்தவருக்கு இது பொருந்தாது என்பதால், அவர் இந்த அளவுகோலை அப்படியே விட்டுவிடலாம்.

பட்டத்தின் பெயரிலும் சிக்கல் உண்டு. முதுநிலை ஆசிரியர் பணிக்கு இளநிலையையும் முதுநிலையையும் ஒரே பாடத்தில் முடித்திருக்க வேண்டும், அல்லது அதற்கு இணையென்று ஏற்கப்பட்ட பட்டம் இருக்க வேண்டும். இரண்டு மூன்று பாடங்களைச் சேர்த்துப் புதுப் பெயரில் தரப்படும் பட்டங்கள் சில, அரசு வேலைக்கு இணையானவை அல்ல என்று உயர்கல்வித் துறையே அரசாணைகளில் அறிவித்திருக்கிறது. ஆசிரியர் ஆவதே நோக்கம் என்றால், பட்டச் சான்றிதழில் பாடத்தின் பெயர் எப்படி அச்சாகும் என்று சேருவதற்கு முன்பே கேட்டு அறிய வேண்டும்.

முழுச் செலவு. கல்லூரிக் கட்டணம் மட்டும் செலவு ஆகாது. விடுதி, உணவு, ஊருக்கு வந்துபோகும் பயணம், துணிமணி, புத்தகம், முன்பணம், கைவிடும் இடத்தில் போகும் பணம், கிடைக்காமல் போகும் உதவித்தொகை ஆகியவற்றையும் ஒரே தாளில் ஆண்டுவாரியாக எழுதிப் பாருங்கள்.

இவற்றோடு உடல்நலம், தனியே இருக்கும் துணிவு, வீட்டில் நோயாளியோ முதியவரோ இருக்கும் நிலை ஆகியவற்றையும் மறைக்காமல் பேச வேண்டும். இவற்றுக்கு வெளியார் யாரும் எடை போட முடியாது.

## நம் மாவட்டக் கல்லூரி

நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி, மார்த்தாண்டம் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி என்று, பல பத்தாண்டுகளாகக் கலைப் பாடங்களைக் கற்பித்துவரும் கல்லூரிகள் இங்கேயே இருக்கின்றன. கோணத்தில் அரசு கலை அறிவியல் கல்லூரியும் உண்டு. இவற்றுக்குப் பட்டம் வழங்குவது 1990இல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்.

முதலில் கவனிக்க வேண்டியது, கிடைத்திருக்கும் இடம் அரசு உதவிபெறும் பிரிவிலா, சுயநிதிப் பிரிவிலா என்பது. ஒரே கல்லூரியில், சில சமயம் ஒரே பாடத்தில்கூட, இரண்டு பிரிவுகளும் இருக்கும்; சுயநிதிப் பிரிவில் கட்டணம் மிக அதிகமாக இருக்கும்; ஆசிரியர்களும் பெரும்பாலும் வேறு வேறு. ‘அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது’ என்று மட்டும் சொல்வது அரைத் தகவல்தான். உதவிபெறும் பிரிவில் கிடைத்த இடத்தையும் சுயநிதிப் பிரிவில் கிடைத்த இடத்தையும் இரண்டு வெவ்வேறு வாய்ப்புகளாகவே கணக்கிட வேண்டும்.

செலவில் இதற்கு இணை இல்லை. அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்ட் முதலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இது உண்டு. மூன்று ஆண்டுகளில் இது 36,000 ரூபாய். வெளிமாநிலத்தில் சேரும் எண்ணம் உள்ளவர்கள் இது அங்கும் தொடருமா என்று பள்ளித் தலைமையாசிரியரிடமோ கல்லூரியிலோ கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கணக்கில் சேர்க்க வேண்டும். சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பதால், மாணவியின் போக்குவரத்துச் செலவும் பெருமளவு குறைகிறது.

மறைந்திருக்கும் செலவு நேரம். குலசேகரத்துக்கு அப்பாலிருந்தோ கொல்லங்கோட்டிலிருந்தோ நாகர்கோவிலுக்கு வருபவர், பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் செலவிட்டால், ஆண்டுக்கு 180 வேலை நாட்களில் 540 மணி நேரம் போகிறது. நூலகத்தில் உட்கார வேண்டிய மாலைப்பொழுது கடைசிப் பேருந்துக்காகப் போய்விடுகிறது. இந்த நிலையில் இருப்பவர், நாகர்கோவிலை விட்டு அருகிலுள்ள மார்த்தாண்டத்தைத் தேர்வதையோ, கல்லூரி விடுதியில் தங்குவதையோ யோசிக்கலாம். வீட்டிலிருந்து போவதால் மிச்சமாகும் பணத்தை மட்டும் பார்த்து, இழக்கும் நேரத்தைப் பாராமல் இருப்பது மாணவருக்குச் செய்யும் அநீதி.

மற்றொரு குறை, பாடங்களின் எல்லை. தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளியல் ஆகியவை இங்கே எளிதாகக் கிடைக்கும். தத்துவம், மொழியியல் போன்றவற்றை இளநிலையில் படிக்க விரும்புபவர் வெளியே போகத்தான் வேண்டும்.

## திருவனந்தபுரம்

மேற்குப் பகுதி மக்களுக்குத் திருவனந்தபுரம் வெளியூராகத் தோன்றுவதே இல்லை. நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். குழித்துறையிலிருந்து அதைவிடக் கணிசமாகக் குறைவு. ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்துத் தினமும் போய்வர முடியும். 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டமே திருவிதாங்கூரின், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சியின் பகுதியாக இருந்ததால், மேற்படிப்புக்கு அங்கே போவது நம் குடும்பங்களில் பல தலைமுறைப் பழக்கம். 1866இல் தொடங்கிய மகாராஜா கல்லூரி, இன்றைய யுனிவர்சிட்டி கல்லூரி. நம் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த மனோன்மணியம் சுந்தரம் பிள்ளை தத்துவப் பேராசிரியராக இருந்தது அங்கேதான். நாகர்கோவிலைச் சேர்ந்த மொழியியல் அறிஞர் வ. அய். சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை வளர்த்து, பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார். தமிழ்த் துறை யுனிவர்சிட்டி கல்லூரியிலும் உண்டு, காரியவட்டத்தில் உள்ள பல்கலைக்கழக வளாகத்திலும் உண்டு.

வரலாறு படிக்க விரும்பும் குமரி மாவட்ட மாணவருக்கு இந்த ஊர் தரும் வாய்ப்பு வேறெங்கும் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். 1956க்கு முந்தைய நம் ஊர்களின் நிர்வாகம், நிலவரி, கோயில், பாசனம் பற்றிய அரசு ஆவணங்கள் திருவிதாங்கூர் ஆவணங்களாகக் கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. காரியவட்டத்தில் கீழைக்கலை ஆய்வு நிறுவனமும் ஓலைச்சுவடி நூலகமும் இருக்கின்றன. பாளையத்தில் உள்ள மாநில மைய நூலகம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து செயல்படுகிறது. தன் ஊரின் குளத்தைப் பற்றியோ, கடற்கரைக் கிராமத்தைப் பற்றியோ, தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றியோ மூல ஆவணத்தோடு எழுத விரும்பும் மாணவருக்கு, அந்த ஆவணம் இருக்கும் ஊரில் படிப்பதே பாதி வேலை முடிந்ததற்குச் சமம். பழைய கோப்புகளில் பெரும் பகுதி மலையாளத்தில் இருப்பதால், மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளவும் அங்கே வழி கிடைக்கிறது. விளவங்கோடு, கிள்ளியூர் வட்டங்களில் வளர்ந்தவருக்கு அது கடினமான வேலையும் அல்ல.

கேரளத்தில் 2024 முதல் இளநிலைப் பட்டம் நான்கு ஆண்டாகியிருக்கிறது. மூன்றாம் ஆண்டின் முடிவில் பட்டத்தோடு வெளியேறலாம். எம்.ஏ. படிக்கத் தமிழ்நாட்டுக்குத் திரும்ப எண்ணுபவர் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்: இங்கே பி.ஏ. மூன்று ஆண்டு, எம்.ஏ. இரண்டு ஆண்டு; நான்காம் ஆண்டையும் அங்கே படித்துவிட்டு வந்தால் மொத்தம் ஆறு ஆண்டாகும்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது இடஒதுக்கீடு. தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் கேரள மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. நீங்கள் பொதுப்பிரிவில்தான் போட்டியிட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டு மாநில வாரியத்தில் படித்தவரிடம் இடப்பெயர்வுச் சான்றிதழும் தகுதிச் சான்றிதழும் கேட்பார்கள். அவற்றுக்கு அலைய வேண்டிய நாட்களையும் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து நம் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேரும்போது இதே வேலை மறுபடியும் உண்டு.

## சென்னை

சென்னையில் கிடைக்கும் இடங்களும் ஒரே தரம் கொண்டவை அல்ல. மாநிலக் கல்லூரி (1840), ராணி மேரிக் கல்லூரி (1914) போன்ற அரசுக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி (1837), லயோலா (1925), ஸ்டெல்லா மாரிஸ் (1947), எத்திராஜ் (1948) ஆகியவை தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்பவை. இவற்றிலும் உதவிபெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்ற வேறுபாடு உண்டு. நம் ஊர் மாணவருக்குப் பெரும்பாலும் இரண்டாவதில்தான் கடைசிச் சுற்றில் இடம் கிடைக்கிறது. நாகர்கோவிலில் உதவிபெறும் பிரிவில் ஆங்கில இலக்கியம் கையில் இருக்க, சென்னையில் பெயர் பெற்ற ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவுக்காக அதை விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குத் தத்துவம் போன்ற, இங்கே இல்லாத பாடத்துக்காகப் போவதென்றால் அது வேறு.

சென்னையின் உண்மையான பலம் கல்லூரி மதிலுக்கு வெளியே இருக்கிறது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், கன்னிமாரா பொது நூலகமும், அருங்காட்சியகமும். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம்; கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். பதிப்பகங்கள், பத்திரிகை அலுவலகங்கள், நாடகக் குழுக்கள் ஆகியவற்றில் கல்லூரி நாட்களிலேயே ஒட்டிக்கொண்டு வேலை கற்கலாம். இதழியலிலோ பதிப்புத் துறையிலோ போக விரும்புபவருக்கு இவை பாடத்திட்டத்தைவிட அதிகம் கொடுக்கும். ஆனால் வகுப்பு முடிந்ததும் விடுதி அறைக்குத் திரும்பிவிடுபவருக்குச் சென்னையில் படிப்பதால் கிடைக்கும் கூடுதல் பயன் மிகக் குறைவு.

விடுதி கிடைக்காமல் தனியார் தங்குமிடத்தில் இருக்க நேர்ந்தால், வாடகையும் சாப்பாடும் கல்லூரிக் கட்டணத்தைத் தாண்டிவிடும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் நாட்களுக்கான இருக்கைகள் முன்பதிவு திறந்த உடனே தீர்ந்துபோகின்றன. 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 60 நாட்களாகக் குறைந்திருக்கிறது. டிக்கெட் கிடைக்காத ஒவ்வொரு பண்டிகைக்கும் ஆம்னி பேருந்துக் கட்டணத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே பாளையங்கோட்டையை மறந்துவிடுகிறோம். 1923இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலுக்குத் தனித் துறையே வைத்திருந்து, ஆய்வில் பெயர் பெற்ற இடம். விடுதியில் தங்கி, சனிக்கிழமை வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமை காலை திரும்பும் தூரம். சென்னைக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரும், வீட்டை விட்டு வெளியே படிக்க விரும்பும் பிள்ளையும் ஒத்துப்போகக்கூடிய இடம் இது.

## டெல்லியும் ஹைதராபாத்தும்

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் க்யூட் தேர்வு வழியாகச் சேர்க்கை நடக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகம் அதே ஆண்டில் நான்கு ஆண்டுப் பட்டத்துக்கு மாறியது. நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுத வாய்ப்புண்டு. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூவுக்குப் பின் நேரடியாக ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.ஏ. படிக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022ஆம் ஆண்டு விதிப்படி நான்கு ஆண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் பெற்றவர் நேரே முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். ஆராய்ச்சிதான் வாழ்க்கை என்று 17 வயதிலேயே தெளிவாக இருக்கும் மாணவருக்கு, நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வந்தவர்களோடு வாதிட்டுப் படிக்கும் அந்தச் சூழல் மிகப் பெரிய செல்வம்.

கட்டணம் குறைவுதான். ஆனால் டெல்லிக் கல்லூரிகளில் விடுதி இடங்கள் மாணவர் எண்ணிக்கையோடு ஒப்பிட மிகக் குறைவு. வெளியே அறை எடுத்தால் வாடகை, முன்பணம், சாப்பாடு, குளிர்காலத் துணி, மெத்தை என்று செலவு தொடர்கிறது. கன்னியாகுமரியிலிருந்து நிஜாமுதீனுக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸில் இரண்டு நாள் பயணம். வாரத்தில் இரண்டு நாள்தான் வண்டி. வீட்டில் அவசரம் என்றால் திருவனந்தபுரத்திலிருந்து விமானம்தான்; அந்தத் தொகையை ஒரு தடவைக்காவது தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் பிள்ளையை அனுப்ப வேண்டும்.

சான்றிதழ் காரணமாக இடத்தை இழப்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் அங்கே போதாது. உங்கள் சமூகம் மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, கிரீமி லேயரில் (ஒதுக்கீடு பெற முடியாத வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்ற சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில், அந்த நிதியாண்டில் வழங்கியதாக, வட்டாட்சியரிடம் பெற வேண்டும். ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டால் ஜூலையில் பதற வேண்டியதில்லை.

இதற்கு ஈடாக ஒரு நல்ல செய்தி: மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடி, என்ஐடி ஆகியவற்றில் படிக்கும் பி.சி., எம்.பி.சி., சீர்மரபின மாணவருக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை தமிழ்நாடு அரசு உதவித்தொகை தருகிறது. நாகர்கோவில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்தில் இந்த ஆண்டின் விதிகளைக் கேட்டு, விண்ணப்பத்தைக் கையோடு வாங்கி வாருங்கள்.

பெங்களூரு அசிம் பிரேம்ஜி, ஸ்ரீசிட்டி கிரியா போன்ற தனியார் பல்கலைக்கழகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அசிம் பிரேம்ஜியில் குடும்ப வருமானத்தை வைத்துக் கட்டணச் சலுகை உண்டு. சலுகைக் கடிதத்தில் அது எத்தனை ஆண்டுக்கு, எந்த மதிப்பெண் நிபந்தனையோடு, விடுதிக்கும் சேர்த்தா என்று எழுத்தில் இருந்தால் பரிசீலிக்கலாம். சலுகை இல்லாமல் கடன் வாங்கிக் கலைப் பாடம் படிக்க இத்தகைய இடத்தில் சேர வேண்டாம் என்பதே என் முடிவு, பி.ஏ. முடித்தவுடன் கிடைக்கும் சம்பளத்தில் அந்தத் தவணையைக் கட்ட முடியாது.

## ஒரே பார்வையில்

| | நம் மாவட்டம் | திருவனந்தபுரம் | சென்னை | டெல்லி, ஹைதராபாத் |
|---|---|---|---|---|
| படிப்புக் காலம் | 3 ஆண்டு | 4 (மூன்றில் வெளியேறலாம்) | 3 ஆண்டு | டெல்லி 4 (மூன்றில் வெளியேறலாம்). ஹைதராபாத் 5, எம்.ஏ.யுடன் |
| தமிழ்வழி 20% ஒதுக்கீடு | தமிழ்வழிப் பிரிவில் சேர்ந்தால் உண்டு | ஆங்கிலவழியில் இல்லை | பிரிவைப் பொறுத்தது | இல்லை |
| சாதிச் சான்றிதழ் | மாநிலச் சான்றிதழ் போதும் | பொதுப்பிரிவு | மாநிலச் சான்றிதழ் போதும் | மத்தியப் படிவம் வேண்டும் |
| கவனிக்காத செலவு | பேருந்தில் போகும் நேரம் | சான்றிதழ்களுக்கான அலைச்சல் | தங்குமிடம் | தங்குமிடம், பயணம் |
| தனிப் பலம் | குறைந்த செலவு | திருவிதாங்கூர் ஆவணங்கள் | நூலகங்கள், பதிப்புத் துறை | ஆய்வுச் சூழல் |

## யாருக்கு எது?

கருங்கல் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த ஒரு மாணவிக்கு, நாகர்கோவிலில் தமிழ்வழி வரலாறும் டெல்லியில் ஆங்கிலவழி வரலாறும் கிடைத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். குரூப் 2 எழுதுவதோ ஆசிரியர் ஆவதோ அவர் நோக்கம் என்றால், நாகர்கோவிலே சரி. மாதம் 1,000 ரூபாயும், 20 சதவீத ஒதுக்கீடும், வீட்டுச் சாப்பாடும் அவர் பக்கம் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளில் ஆங்கிலத்தில் படிக்கவும் எழுதவும் தனியே பழகி, எம்.ஏ.வுக்கு க்யூட் முதுநிலைத் தேர்வு எழுதி ஹைதராபாத்துக்கோ திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கோ போகும் வழி அவருக்குத் திறந்தே இருக்கிறது. என் பார்வையில் நம் மாவட்டத்தின் பெரும்பாலான மாணவருக்குப் பொருந்துவது இந்த வழிதான்: இளநிலை அருகில், முதுநிலை தொலைவில். 20 வயதில் பாடத்தில் எந்தக் கிளை வேண்டும் என்று தெரிந்த பிறகு செய்யும் செலவு, 17 வயதில் ஊர்ப் பெயரை நம்பிச் செய்யும் செலவைவிடப் பயன் தரும்.

நாகர்கோவிலில் ஆங்கிலவழியில் படித்து, அரசியல் அறிவியலோ பொருளியலோ ஆய்வுநோக்கில் படிக்க விரும்பும் மாணவருக்கு உள்ளூரில் சுயநிதிப் பிரிவும் டெல்லியில் நல்ல கல்லூரியும் கிடைத்திருந்தால், விடுதி உறுதியான நிலையில் டெல்லிக்குப் போவதே நல்லது. விடுதி இல்லை, உதவித்தொகையும் நிச்சயமில்லை என்றால், ஹைதராபாத்தின் ஐந்தாண்டுப் படிப்பு டெல்லியைவிடப் பாதுகாப்பான தேர்வு; எம்.ஏ. சேர்க்கைக்கு மறுபடி ஓட வேண்டியதும் இல்லை.

குழித்துறை, களியக்காவிளை பக்கம் வசித்து, மலையாளம் பேசத் தெரிந்து, வரலாறோ தத்துவமோ மொழியியலோ விரும்புபவருக்குத் திருவனந்தபுரம். இரண்டு மொழிகளின் ஆவணங்களையும் வாசிக்கத் தெரிந்த ஆய்வாளர்கள் குறைவாகவே இருக்கிறார்கள். நம் எல்லைப்புறத்துப் பிள்ளைகள் அந்த இடத்துக்கு வர வேண்டும் என்பது என் உள்ளார்ந்த ஆசை. தோவாளையிலோ கன்னியாகுமரியிலோ வசிப்பவருக்கு இதே நகரம் தினப் பயணத்துக்குத் தொலைவு. விடுதி இருந்தால் மட்டுமே யோசிக்கலாம்.

## காத்திருக்கும் நாட்களில் செய்ய வேண்டியவை

முதலில் வரும் இடத்தில் பணம் கட்டிச் சேர்ந்துகொள்ளுங்கள். கட்டிவிட்டதாலேயே அங்கே கட்டுண்டுவிட்டதாக எண்ண வேண்டாம். யுஜிசி 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கைப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாட்களுக்கு முன்னரே விலகினால் கட்டணத்தில் 100 சதவீதம் திரும்பக் கிடைக்க வேண்டும். நடைமுறைச் செலவென்று 5 சதவீதம் வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய், பிடிக்கலாம். கடைசித் தேதிக்கு 15 நாட்களுக்குள் விலகினால் 90 சதவீதம். கடைசித் தேதிக்குப் பின் 15 நாட்கள் வரை 80. 16ஆம் நாள் முதல் 30ஆம் நாள் வரை 50. அதற்கு மேல் எதுவும் இல்லை. சில ஆண்டுகளில் இதைவிடத் தாராளமான தனிச் சுற்றறிக்கைகளும் வந்திருக்கின்றன. அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையைப் பாருங்கள். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்தபின் கல்லூரி திருப்பித் தந்துவிட வேண்டும் என்பதும் அதே அறிவிக்கையில் உண்டு.

கேரள ஒதுக்கீட்டில் உயர் விருப்பங்களை நீக்காமல் தற்காலிகச் சேர்க்கை பெற வழி உண்டு. டெல்லியில் கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, அடுத்த சுற்றில் மேம்படுத்தவும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இரண்டிலும் குறித்த நாளுக்குள் கட்டணம் செலுத்தாவிட்டால் இடம் போய்விடும். ஒவ்வொரு இடத்தின் கடைசித் தேதியையும் ஒரே தாளில் எழுதி, பணம் கட்டிய ரசீதுகளோடு வைத்திருங்கள்.

டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) ஒன்றுதான் இருக்கும்; முதலில் சேரும் கல்லூரியில் அதைக் கொடுத்துவிட்டால், விலகும்போது அந்தக் கல்லூரி தரும் புதிய டி.சி. இல்லாமல் அடுத்த இடத்தில் சேர முடியாது. கொடுப்பதற்கு முன் மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ், தமிழ்வழிச் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களைச் சான்றொப்பத்துடன் குறைந்தது நான்கு தொகுதிகள் எடுத்து வையுங்கள். விலகுவதாக முடிவானதும் அன்றே எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை பெறுங்கள். கட்டணம் எத்தனை சதவீதம் திரும்பும் என்பது அந்தத் தேதியை வைத்தே கணக்கிடப்படும்.